பானை ஓட்டில் ஒட்டியிருப்பது திராட்சையா, புளியா?

அடுத்த முறை தேக்கா சந்தைக்குப் போகும்போது இரண்டு பொருள்களை வாங்கி வாருங்கள். ஒன்று, ஒரு கொத்துக் கறுப்புத் திராட்சை. மற்றொன்று, உங்கள் வீட்டில் ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் கரைக்கும் புளி. இரண்டையும் மேசைமேல் அருகருகே வையுங்கள். ஒன்று கொடியில் காய்ப்பது, மற்றொன்று பெரிய மரத்தில் காய்ப்பது. நிறம், மணம், தோல், விதை எதிலும் ஒற்றுமை இல்லை.

ஆனால் ஒரு வேதியியலாளர் இரண்டையும் தம் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் ஒரே பெயரைச் சொல்வார்: டார்டாரிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்புக்குச் சிட்ரிக் அமிலமும், ஆப்பிளின் புளிப்புக்கு மாலிக் அமிலமும் காரணம். பெரும்பாலான பழங்களில் இந்த இரண்டில் ஒன்றுதான் மேலோங்கி இருக்கும். டார்டாரிக் அமிலத்தை மிகுதியாகச் சேர்த்து வைக்கும் பழங்கள் உலகில் மிகச் சில. அவற்றுள் திராட்சையும் புளியும் முக்கியமானவை.

இந்தச் சிறிய ஒற்றுமை, தமிழர் வரலாற்றின் ஒரு பக்கத்தைப் படிக்க முயலும் அறிவியலாளர்களுக்குப் பெரிய தலைவலியைத் தரக்கூடியது. எப்படி? அதைப் புரிந்துகொள்ள நாம் புதுச்சேரி வழியாக, மத்தியத்தரைக் கடலின் இரண்டு திராட்சைக் கரைகளுக்குப் போய்வர வேண்டும்.

அலமாரியில் கிடந்த கழுத்து

1944ஆம் ஆண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கு ஓர் அலமாரியில் உடைந்த மண் சாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கண்ணில் பட்டன. அது இந்தியப் பானை அல்ல என்று பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்தது. ரோமானியர் காலத்தில் மத்தியத்தரைக் கடல் நாடுகளில் செய்யப்பட்ட ‘ஆம்போரா’ என்னும் சாடியின் துண்டு அது. எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு என்று பதில் வந்தது.

அந்த இடத்தின் முக்கியத்துவத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ராய் 1930களிலேயே உணர்ந்திருந்தார். 1945இல் வீலர் அங்கு முறையான அகழாய்வு நடத்தினார். ஆம்போரா ஓடுகள், இத்தாலியின் அரெட்சோ நகரில் செய்யப்பட்ட பளபளப்பான சிவப்புத் தட்டுகளின் துண்டுகள், கண்ணாடி, மணிகள் என ஏராளமான பொருள்கள் வெளிவந்தன.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரையக் கடல் பயணக் குறிப்பு’ என்னும் வணிகக் கையேடு, தமிழகத்தின் கிழக்குக் கரையில் ‘பொதுகே’ என்றொரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அதுவே அரிக்கமேடு என்பது பலரின் கருத்து. அதே கையேடு, இந்தியத் துறைமுகங்களுக்குத் திராட்சை மது ஏற்றுமதியானதையும் சொல்கிறது. நம் இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. பாண்டியன் நன்மாறனைப் பற்றி நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடல், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைக் குறிப்பிடுகிறது. யவனர் என்றால் கிரேக்க, ரோமானிய வணிகர்கள்.

ஆக, ஏட்டிலும் மது உண்டு, மண்ணுக்குள் சாடியும் உண்டு. கதை முடிந்தது என்று தோன்றுகிறதா? அறிவியலில் இங்குதான் கேள்விகள் தொடங்குகின்றன. சாடி எந்தக் கரையிலிருந்து வந்தது? உள்ளே இருந்தது உண்மையில் திராட்சை மதுதானா? அதை எப்படி உறுதி செய்வது?

கடலும் கொடியும்

முதலில் சாடிகள் புறப்பட்ட இடத்துக்குப் போவோம். அரிக்கமேட்டு ஆம்போராக்களை ஆராய்ந்த அமெரிக்கத் தொல்லியலாளர் எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் பல கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளின் வகையைச் சேர்ந்தவை என்று கண்டார். இத்தாலியின் கம்பானியா கரையைச் சேர்ந்தவையும் இருந்தன. கோஸ், துருக்கிக் கரையை ஒட்டிய சிறு தீவு. மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படும் ஹிப்போக்ரட்டீஸ் பிறந்த ஊர். கம்பானியா, நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சுற்றியுள்ள பகுதி. வெசூவியஸ் எரிமலை அங்குதான் நிற்கிறது.

இரண்டும் கடலோரம் என்பது தற்செயலா? ஓரளவுக்கு வணிக வசதிதான். சாடிகளை வண்டியில் ஏற்றி மலை தாண்டுவதைவிடக் கப்பலில் ஏற்றுவது எளிது. ஆனால் கடல் அதைவிட முக்கியமான ஓர் உதவியையும் செய்கிறது.

ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வெப்பம் தேவை. அதே அளவு உலர்ந்த மணலுக்கு ஏறத்தாழ 800 ஜூல் போதும். இதைத்தான் இயற்பியல் பாடத்தில் தன்வெப்பக் கொள்ளளவு என்று படிக்கிறீர்கள். பகலில் நிலம் விரைவாகச் சூடேறும், கடல் மெதுவாகச் சூடேறும். நிலத்தின்மேல் உள்ள சூடான காற்று மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இரவில் இது தலைகீழாகும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மாலையில் முகத்தில் படுகிறதே, அதே கடற்காற்றுதான்.

திராட்சைத் தோட்டத்தில் இந்தக் காற்று இரண்டு வேலைகளைச் செய்கிறது. கோடையின் கடும் வெப்பத்தைச் சற்றுத் தணிப்பது முதல் வேலை. வெப்பம் மிகுந்தால் பழத்தில் உள்ள அமிலங்கள், குறிப்பாக மாலிக் அமிலம், வேகமாகக் குறைந்துவிடும். பழம் வெறும் இனிப்பாகிச் சப்பென்று இருக்கும். அமிலம் தங்கினால்தான் சுவை நிற்கும். இலைகளை உலர வைப்பது இரண்டாவது வேலை. ஈரமான இலைகளில்தான் பூஞ்சை நோய்கள் பரவும். கோஸ் அமைந்துள்ள ஏஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து ‘மெல்டெமி’ என்ற உலர்ந்த காற்று வலுவாக வீசும். மழையற்ற கோடையும் இந்தக் காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு இடமில்லை.

கம்பானியாவில் இவற்றோடு எரிமலை மண்ணும் சேர்ந்துகொண்டது. பொட்டாசியம் போன்ற சத்துகள் நிறைந்த மண் அது. நுண்துளைகள் மிகுந்ததால் மழைநீர் தேங்காமல் கீழிறங்கும், வேருக்குத் தேவையான ஈரமும் ஆழத்தில் இருக்கும்.

கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்துப் பொம்பெய் நகரைப் புதைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நகரின் மதில்களுக்குள்ளேயே திராட்சைத் தோட்டம் இருந்தது என்பதை 20ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்மினா ஜஷெம்ஸ்கி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். எப்படி? சாம்பலுக்குள் புதைந்த வேர்கள் காலப்போக்கில் மட்கிப் போக, அவை இருந்த இடம் வெற்றுக் குழியாக நின்றது. குழிக்குள் விழுந்திருந்த எரிமலைத் துணுக்குகளை அகற்றி, சிமெண்ட் கலவையை ஊற்றி, அது இறுகியபின் சுற்றியிருந்த மண்ணை நீக்கினார். வேரின் வடிவம் அப்படியே கிடைத்தது. ஒரே தோட்டத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகளின் வேர்க்குழிகள் இருந்தன.

உப்பு கலந்த தந்திரம்

கோஸ் தீவின் மதுவுக்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. அதில் கடல்நீரைக் கலந்தார்கள்! தன் கணக்கில் குறைந்த அளவை ஈடுகட்ட ஓர் அடிமை கடல்நீரை ஊற்றியதிலிருந்து இந்த வழக்கம் தோன்றியது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். கதை உண்மையோ இல்லையோ, உப்பு நீரின் பயன் உண்மை. நாம் மாங்காயையும் எலுமிச்சையையும் உப்பிட்டு ஊறுகாயாக்குவது ஏன்? உப்பு பல நுண்ணுயிரிகளின் உடலிலிருந்து நீரை உறிஞ்சி, அவை பெருகாமல் தடுக்கும். நீண்ட கடற்பயணத்தில் மது காடியாகிப் போகாமல் இருக்க இதுவும் உதவியிருக்கலாம்.

இந்தச் சுவைக்குச் சந்தை பெருகியதும் என்ன நடந்தது தெரியுமா? மற்ற ஊர்க்காரர்கள் நகல் எடுக்கத் தொடங்கினார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் கேட்டோ, கோஸ் மதுவை இத்தாலியிலேயே தயாரிக்கும் செய்முறையைத் தம் வேளாண்மை நூலில் எழுதினார். ஆற்றுநீர் கலக்காத இடமாகப் பார்த்துக் கடல்நீரை எடுக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் உண்டு. மது மட்டுமல்ல, சாடியும் நகலானது. இரண்டு உருளைகளை ஒட்டவைத்தது போன்ற இரட்டைக் கைப்பிடி கோஸ் சாடியின் அடையாளம். அதே கைப்பிடியோடு வேறு ஊர்களிலும் சாடிகள் செய்யப்பட்டன.

ஓர் ஊரின் பெயருக்கு மதிப்பு கூடினால் அதைக் காப்பாற்ற வேண்டிய தேவையும் வருகிறது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பு உள்ளது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் அந்தக் குறியீட்டைப் பெற்றது. ரோமானியர் காலத்தில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் இரட்டைக் கைப்பிடியைப் பார்த்ததும் ‘கோஸ் தீவிலிருந்து வந்தது’ என்று நாம் முடிவு கட்டிவிட முடியாது.

அப்படியென்றால் சாடியின் உண்மையான ஊரை யார் சொல்வது? சாடியின் மண்ணே சொல்லும்.

மண் சொல்லும் முகவரி

குயவர் களிமண்ணை வெகுதூரத்திலிருந்து கொண்டுவருவது அரிது. அருகில் கிடைக்கும் களிமண்ணையும் மணலையும்தான் பிசைவார். ஆகவே ஒவ்வொரு பானையும் தன் ஊரின் பாறையைத் தனக்குள் சுமந்துகொண்டு போகிறது.

அதைப் படிக்க, ஓட்டிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். பிறகு அதை 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். உங்கள் தலைமுடியைவிடவும் மெல்லியது இது. அந்த அளவுக்கு மெலிந்தால் கல்லின் ஊடாகவும் ஒளி புகும். முனைவாக்கப்பட்ட ஒளியைச் செலுத்தும் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய நிறத்திலும் வடிவத்திலும் தெரியும்.

நேப்பிள்ஸ் வளைகுடாச் சாடிகளை இதில் அடையாளம் காண்பது எளிது. அவற்றின் களிமண்ணில் ‘ஆகைட்’ போன்ற கருமையான எரிமலைக் கனிமத் துகள்கள் மிளகைத் தூவியதுபோல் நிறைந்திருக்கும். ஆய்வாளர்கள் அதைக் ‘கருமணல்’ வகை என்றே அழைக்கிறார்கள். கேரளத்தில் 2007இல் அகழாய்வு தொடங்கிய பட்டணம் என்ற ஊரிலும் இத்தகைய கருமணல் ஓடுகள் கிடைத்துள்ளன. அந்த ஊரைப் பழைய முசிறித் துறைமுகத்தோடு பலர் தொடர்புபடுத்துகிறார்கள். வெசூவியஸ் மலையடிவாரத்து மணல் கேரளக் கடற்கரையில்! எந்தக் கல்வெட்டும் இல்லாமல், கையெழுத்தும் இல்லாமல், அந்தத் துகள்கள் தம் முகவரியைச் சொல்லிவிடுகின்றன.

சிங்கப்பூரில் ஏன் விளைவதில்லை?

‘நாமும் கடலோரத்தில்தானே இருக்கிறோம், நமக்கும் கடற்காற்று உண்டே, ஏன் இங்கே திராட்சைத் தோட்டங்கள் இல்லை?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

திராட்சைக் கொடிக்குத் தூக்கம் தேவை. குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்து ஓய்வெடுத்து, வசந்தத்தில் ஒரே நேரத்தில் துளிர்த்துப் பூத்துக் காய்ப்பது அதன் இயல்பு. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் குளிர்காலமே இல்லை. ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே மாதிரி. கொடிக்கு எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்றே தெரியாது. அதோடு நம் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல், ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து வேறென்ன வேண்டும்?

கம்பமும் வெப்பமண்டலத்தில்தானே இருக்கிறது? ஆம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை அங்குப் பெருமழையைத் தடுத்து நிறுத்துகிறது. குளிர் செய்ய வேண்டிய வேலையை விவசாயியின் கத்தரி செய்கிறது. கிளைகளைக் கவாத்து செய்து, அதாவது வெட்டிவிட்டு, கொடியைப் புதிதாகத் துளிர்க்க வைக்கிறார்கள். கவாத்து செய்யும் காலத்தை மாற்றி அமைப்பதால் ஆண்டு முழுவதும் அறுவடை நடக்கிறது. அங்கு விளையும் பன்னீர் திராட்சை, ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்னும் ஐரோப்பிய வகைதான். இடத்தின் இயல்பும் மனிதரின் உழைப்பும் சேர்ந்துதான் ஒரு விளைபொருளுக்கு ஊர்ப் பெயரைத் தருகின்றன.

புளி செய்யும் குழப்பம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். உங்கள் கையில் ஒரு பழைய பானை ஓடு கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருகாலத்தில் திராட்சை மது இருந்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். உள்ளே ஊற்றிய நீர்மம் அவற்றுக்குள் ஊறி நிற்கும். டார்டாரிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் டார்டரேட் என்ற உப்பாகும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகவே சூழல் வாய்த்தால் நீண்டகாலம் அங்கேயே தங்கியிருக்கும். ஆய்வாளர்கள் ஓட்டைப் பொடியாக்கி, தகுந்த கரைசலில் ஊறவைத்து, மூலக்கூறுகளைப் பிரித்து ஒவ்வொன்றின் நிறையையும் அளக்கும் கருவியில் செலுத்துவார்கள். டார்டாரிக் அமிலம் தெரிந்தால், மேற்கு ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் ஆய்வாளர் திராட்சையை முதலில் நினைப்பார். அங்கு வேறு பழத்தைச் சந்தேகிக்க அவ்வளவு காரணம் இல்லை.

ஆனால் அதே கருவி, அதே முடிவு, இடம் மட்டும் தமிழ்நாடு என்றால்?

புளியின் சதையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே டார்டாரிக் அமிலம் இருக்கக்கூடும். திராட்சையில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். புளி விளையும் நாட்டில் ஒரு பானையில் டார்டாரிக் அமிலம் இருந்தால் அதில் யவனரின் மதுவும் இருந்திருக்கலாம், நம் ஊர்க் குழம்பும் இருந்திருக்கலாம்! கருவி பொய் சொல்லவில்லை. அது ‘டார்டாரிக் அமிலம் இருக்கிறது’ என்று மட்டுமே சொல்கிறது. ‘ஆகவே திராட்சை’ என்பது நாம் சேர்த்துக்கொள்ளும் வாக்கியம். அந்த ‘ஆகவே’ எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் அறிவியல்.

சரி, வேறு தடயம் உண்டா? கறுப்புத் திராட்சையின் தோலில் ‘மால்விடின்’ என்ற நிறமி மிகுதி. அதைக் காரத்தோடு சேர்த்துச் சிதைத்தால் சிரிஞ்சிக் அமிலம் கிடைக்கும். இது புளியிலிருந்து திராட்சையைப் பிரித்துக்காட்ட உதவும். ஆனால் வெள்ளைத் திராட்சையில் அந்த நிறமி இல்லை. மரக்கட்டை சிதைந்தாலும் சிரிஞ்சிக் அமிலம் வரும். எனவே இதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியானால் என்ன செய்வது? ஒரே சாட்சியை நம்பாமல் பல சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். சாடியின் வடிவம் ஒரு சாட்சி. கூர்மையான அடிப்பாகமும் நீண்ட கழுத்தும் கப்பலின் வயிற்றில் வரிசையாக அடுக்குவதற்கு ஏற்றவை. களிமண்ணின் கனிமங்கள் இரண்டாவது சாட்சி. உட்புறப் பூச்சு மூன்றாவது. மது ஒழுகாமல் இருக்கச் சாடிகளின் உள்ளே பைன் மரப் பிசினைப் பூசுவது வழக்கம். எழுத்துச் சான்றுகள் நான்காவது. வேதியியல் ஐந்தாவது.

இன்னொன்றும் வேண்டும். அதே மண் அடுக்கில் கிடைத்த உள்ளூர்ச் சமையல் பானைகளையும், சுற்றியிருந்த மண்ணையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சமையல் பானையிலும் மண்ணிலும் டார்டாரிக் அமிலம் இல்லாமல், ஆம்போராவில் மட்டும் இருந்தால் சந்தேகம் வெகுவாகக் குறையும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் ஒப்பீட்டுக்காக ஒரு தனிக் குழாயை வைக்கச் சொல்கிறாரே, அதே முறைதான் இது.

பெரியவர்களும் தவறினார்கள்

ஒரே சாட்சியை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. இந்தியாவில் ரோமானிய ஆம்போரா என்று பதிவான சில ஓடுகளை ராபர்ட்டா டோம்பர் என்ற ஆய்வாளர் மறுபடி பார்த்தார். அவை ரோமானியச் சாடிகளே அல்ல! இன்றைய ஈராக், ஈரான் பக்கத்திலிருந்து வந்த ‘டார்ப்பிடோ’ சாடிகள். உள்ளே கறுப்பாகப் பூசியிருந்தது பைன் பிசின் அல்ல, பூமியிலிருந்து கசியும் நிலக்கீல். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வேதியியல் சோதனையில் பிரிந்துவிடும். தாய்லாந்தில் 2013இல் கண்டுபிடிக்கப்பட்ட பனோம் சுரின் கப்பலிலும் இத்தகைய சாடிகள் கிடைத்தன. அதாவது நம் வட்டாரக் கடலிலும் அவை பயணம் செய்திருக்கின்றன.

வீலரின் முடிவுகளிலும் சில மாறின. அரிக்கமேடு கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய வணிகத் தளம் என்று அவர் கருதினார். அங்குக் கிடைத்த, வரிவரியாகச் சிறு பள்ளங்கள் பதித்த மெல்லிய தட்டுகளும் மத்தியத்தரைக் கடல் நாடுகளின் இறக்குமதி என்று நினைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வு, ரோமானியச் சரக்குகள் வந்து சேர்வதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. அந்த மெல்லிய தட்டுகள் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை என்பதும் பின்னர் நடந்த மண் ஆய்வுகளில் தெளிவானது. அதே வகைத் தட்டுகள் இந்தோனேசியாவின் பாலித் தீவில், செம்பிரான் என்ற ஊரிலும் கிடைத்துள்ளன.

இந்தத் திருத்தத்தின் பொருள் பெரியது. வெளிநாட்டார் வந்து ஒரு துறைமுகத்தை உருவாக்கினார்கள் என்பது பழைய கதை. ஏற்கெனவே உயிர்ப்போடு இருந்த துறைமுகத்தைத் தேடி வெளிநாட்டார் வந்தார்கள் என்பது புதிய கதை. மண்ணில் கிடந்த ஓடுகள் மாறவில்லை. அவற்றிடம் கேட்ட கேள்விகள்தான் மாறின.

சாடிகளைக் கொண்டுவந்த மதுவை யார் குடித்தார்கள் என்ற கேள்வி இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. பாண்டிய மன்னர் போன்ற செல்வந்தர்களா? துறைமுகத்தில் பருவக்காற்றுக்காகக் காத்திருந்த யவன வணிகர்களா? இருவருமா? ‘நம் முன்னோர் இப்படித்தான்’ என்று ஒரே ஓட்டை வைத்து அடித்துச் சொல்பவரைக் கண்டால் கொஞ்சம் நின்று, ‘ஒப்பீட்டுக்கு எந்தப் பானையைச் சோதித்தீர்கள்?’ என்று மரியாதையோடு கேளுங்கள். தமிழர் வரலாற்றின்மீது உண்மையான மதிப்பு உள்ளவர்கள் அந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

ஃபோர்ட் கேனிங் மண்ணில்

இந்தக் கதை நம் ஊருக்குத் தொடர்பில்லாதது என்று எண்ண வேண்டாம். 1984இல் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழாய்வைத் தொடங்கினார். 14ஆம் நூற்றாண்டு சிங்கப்பூரின் ஓடுகள் அங்கு ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுள் ஒருவகைக் கனத்த சீனச் சுடுமண் குடுவைக்குப் ‘பாதரசக் குடுவை’ என்று பெயர். வாய் மிகச் சிறியது, சுவர் தடிமனானது. பெயர் பாதரசம் என்றாலும், அவற்றில் வந்தது பாதரசமா, மதுவா, வேறு நீர்மமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெயர் வைத்ததாலேயே உள்ளிருந்த பொருள் உறுதியாகிவிடாது, பாருங்கள்.

அடுத்த விடுமுறையில் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் உள்ள அகழாய்வு இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு அதிக தூரமில்லை. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் போகலாம். எந்தக் காட்சிப் பொருளைப் பார்த்தாலும் அதன் விளக்கப் பலகையை இரண்டு முறை படியுங்கள். எது கண்ணால் கண்டது, எது அளந்து அறிந்தது, எது ஊகித்தது என்று மனத்துக்குள் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். இதற்கு நுண்ணோக்கி தேவையில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

கடலும் நிலமும் சூடேறும் வேகத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கிண்ணங்களை எடுங்கள். ஒன்றில் தண்ணீரும், மற்றொன்றில் அதே எடையுள்ள உலர்ந்த மணலும் நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே ஆழத்தில் வெப்பமானியை வைத்துத் தொடக்க வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அரை மணி நேரம் ஒரே வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதுங்கள். பிறகு நிழலுக்கு மாற்றி இன்னும் அரை மணி நேரம் அதேபோல் எழுதுங்கள். இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். எது வேகமாக ஏறி வேகமாக இறங்குகிறது?

முடித்தபின் ஒரு கேள்வி: கிண்ணங்கள் இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தனவா? ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றால், உங்கள் முடிவுக்குக் காரணம் மணலா, கிண்ணமா?

இந்தக் கேள்வி உங்களுக்கே தோன்றியிருந்தால், அடுத்த முறை ரசம் பரிமாறும்போது பாட்டியிடம் அரிக்கமேட்டுக் கதையைச் சொல்லுங்கள். ஒருவேளை அவர் இப்படிக் கேட்கக்கூடும்: “அந்தக் காலத்துல பானையில புளி ஊறவச்சா, அதைப் போய் சாராயச் சாடின்னு சொல்லிடுவாங்களா?” சிரிக்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.